டிஸ்லெக்சியா: எங்கே சிக்குகிறது என்று பிள்ளைக்கே தெரியட்டும்

காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது என் அக்கா மகன் ஒரு வித்தை காட்டுவான். கோட்டை, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை, இரத்மலானை என்று 100ஆம் இலக்க பஸ் போகிற வழி முழுவதையும் கண்டக்டரின் ராகத்திலேயே ஒப்பிப்பான். சிங்களத்தில் ஒரு ராகம், தமிழில் ஒரு ராகம். ஒரு இடம் தவறாது. ஒருநாள் அதே பஸ்ஸின் முன்பலகையைக் காட்டி, "அதில என்ன எழுதியிருக்கு, வாசி பாப்பம்" என்றேன். "பா... ண... ந்..." என்று இழுத்தான். அதற்குள் பஸ் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. அப்போது அவன் தரம் 4.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அம்மம்மா கண்ணைக் காட்டச் சொன்னார். வகுப்பு மிஸ் முன்னேற்ற அறிக்கையில் "கவனம் போதாது" என்று எழுதியிருந்தார். ரியூஷன் சேர், "இவன் விஷுவல் லேனர், வீடியோ போட்டுக் காட்டுங்கோ" என்றார். மேல்மாடி அங்கிள் டிஸ்லெக்சியா என்று சொல்லிவிட்டு, ஐன்ஸ்டீனுக்கும் இருந்ததாம் என்று ஆறுதலும் சொன்னார். (ஐன்ஸ்டீன் கதைக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஆனாலும் அந்தக் கதை சாகாது.) நாலு பேரில் பெயரைச் சரியாகச் சொன்னவர் அங்கிள்தான். பெயர் தெரிந்த பிறகு என்ன செய்வது என்பது அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

கொழும்பில் இந்தச் சொல் இப்போது தாராளமாகப் புழங்குகிறது. சோம்பலுக்கும் இதுதான் பெயர், மறதிக்கும் இதுதான் பெயர். அதனால் முதலில் இது என்ன என்று பார்ப்போம். பிறகு, இது உள்ள பிள்ளை தனக்கு எப்படிப் படித்தால் ஏறும் என்பதைத் தானே கண்டுபிடிக்க நாம் எப்படி உதவலாம் என்பதற்கு வருவோம்.

பேச்சு தானாக வரும், வாசிப்பு வராது

காது கேட்கிற பிள்ளையைப் பேசுகிற வீட்டில் விட்டால் போதும், பேச்சு வந்துவிடும். யாரும் இலக்கணம் சொல்லிக் கொடுப்பதில்லை. வாசிப்பு அப்படியல்ல. புத்தகம் நிறைந்த வீட்டில் விட்டாலும் பிள்ளை தானாக வாசிக்காது. மனிதர் எழுதத் தொடங்கி ஏறக்குறைய 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. வாசிப்பதற்கென்று மூளையில் பிறவியிலேயே ஓர் இடம் ஒதுக்கப்படவில்லை. முகங்களையும் பொருட்களையும் அடையாளம் காணும் இடத்துக்குப் பக்கத்தில், மூளையின் இடது பின்பகுதியில், ஒரு துண்டை எழுத்துக்காகப் பழக்கி எடுக்கிறோம். பிறகு அதைப் பேச்சைக் கவனிக்கும் பகுதிகளோடு இணைக்கிறோம். ஒவ்வொரு பிள்ளையும் அந்தப் பாதையைத் தன் தலைக்குள் புதிதாக வெட்ட வேண்டும்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது இரண்டு மூன்று வருடத்தில் அமைந்துவிடுகிறது. சிலருக்கு மிக மெதுவாக, மேடு பள்ளத்தோடு அமைகிறது. டிஸ்லெக்சியா என்பது அதுதான்: புத்திக்கும் கிடைத்த கற்பித்தலுக்கும் பொருந்தாத அளவுக்கு, சொற்களை வாசிப்பதிலும் எழுத்துப் பிழையின்றி எழுதுவதிலும் வரும் விடாப்பிடியான சிரமம். பொதுவான கணிப்பு நூறு பேரில் 5 முதல் 10 பேர். 40 பிள்ளைகள் இருக்கும் வகுப்பென்றால் இரண்டு முதல் நான்கு பேர். குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு. எங்கள் வீட்டில் ஒரு சித்தப்பா வாழ்நாள் முழுக்கப் பத்திரிகையை அடுத்தவர் வாசிக்கக் கேட்டே காலம் தள்ளினார். அப்போது அதற்கு வைத்த பெயர் "கண்ணாடி மறந்திட்டன்".

உள்ளே என்ன நடக்கிறது

"மரம்" என்ற சொல்லில் முதல் எழுத்தை எடுத்துவிட்டுக் "க" போடு என்றால் "கரம்" என்று சொல்வோம். சொல்லைக் காதாலேயே துண்டு துண்டாகப் பிரித்து, மாற்றி, மறுபடி ஒட்டும் இந்தத் திறனை ஒலியுணர்வு என்று சொல்லலாம். இதற்கு எழுத்துத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கண்ணை மூடிக்கொண்டே செய்யலாம். டிஸ்லெக்சியா உள்ள பலருக்குச் சிக்கல் தொடங்குவது இங்கேதான். சொல் முழுசாகக் காதில் விழுகிறது, பொருளும் விளங்குகிறது. ஆனால் அதன் துண்டுகள் தெளிவாகப் பிடிபடுவதில்லை.

துண்டு பிடிபடாவிட்டால் அதன்மேல் எழுத்தை எங்கே ஒட்டுவது? எழுத்தைப் பார்த்து ஒலியை எடுத்து, ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்குவதைத்தான் நம் பாட்டிமார் எழுத்துக்கூட்டி வாசிப்பது என்றார்கள். அருமையான சொல். எழுத்துக்கூட்டல் எல்லோருக்கும் முதலில் மெதுவாகத்தான் இருக்கும். ஒரே சொல்லைச் சில தடவை சரியாகக் கூட்டி வாசித்ததும் அது மனதில் முழுசாகப் பதிந்துவிடும். பிறகு பார்த்தவுடன் வரும். இப்படி யோசிக்காமலே கை ஓடுகிற நிலைக்குத் தானியக்கம் என்று பெயர். இராத்திரியில் கொத்துக் கடையில் பாருங்கள். தகடு இரண்டும் தட்டிக்கொண்டே இருக்க, அவர் வாடிக்கையாளரோடு கிரிக்கெட் ஸ்கோர் பேசுகிறார். நேற்று வேலைக்கு வந்த பையனால் அது முடியாது. அவனுக்குத் தகட்டைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது.

டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு அந்தச் "சில தடவை" பல தடவையாகிறது. அதுவரை ஒவ்வொரு சொல்லும் புதுச் சொல்தான். இதற்கு நடுவில் இன்னொரு நெருக்கடி. ஒரு வேலையைச் செய்து முடிக்கும்வரை விஷயங்களைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் இடம் மூளையில் உண்டு. அதைச் செயல்நினைவு என்பார்கள். அது வெள்ளவத்தை ஃபிளட் சமையலறை மேடை மாதிரி. தேங்காய் துருவினால் வெங்காயம் வெட்ட இடமில்லை. எழுத்துக்கூட்டலே மேடை முழுவதையும் பிடித்துக்கொண்டால் பொருளை எங்கே வைப்பது? வாக்கியத்தின் கடைசிக்கு வரும்போது தொடக்கம் விழுந்துவிடுகிறது. "வாசிச்சாய்தானே, என்ன விளங்கினது?" என்று கேட்டால் பிள்ளை முழிப்பது அதனால்தான்.

1986இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஒரு சின்னக் கணக்காகச் சொன்னார்கள். வாசித்து விளங்குதல் என்பது எழுத்துக்கூட்டலை, கேட்டு விளங்குதலால் பெருக்கிய விடை. கூட்டல் கிடையாது, பெருக்கல். கேட்டு விளங்குவதில் 0.9 இருக்கிற பிள்ளைக்கு எழுத்துக்கூட்டல் 0.2 என்றால் விடை 0.18. அறிக்கையில் ஏறுவது அந்த 0.18 மட்டும். 0.9ஐ யாரும் பார்ப்பதில்லை.

சரி, இதுவரை வந்ததைச் சுருக்கினால்: வாசிப்புக்கான பாதை பிறவியில் இல்லை, வெட்ட வேண்டும். ஒலித் துண்டு பிடிபடாததால் எழுத்து ஒட்ட மறுக்கிறது, வேகம் வருவதில்லை, பொருளுக்கு இடம் மிஞ்சுவதில்லை. இதில் புத்தியைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது.

கண்ணைப் பற்றிய சந்தேகம்

டிஸ்லெக்சியா என்ற சொல்லை 1887இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ருடால்ஃப் பெர்லின், ஜெர்மனியக் கண் வைத்தியர். கண்ணோடு இதை முடிச்சுப் போடும் பழக்கம் அப்போதே ஒட்டிக்கொண்டது போலும். 1896இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய வைத்தியர் ஒரு 14 வயதுப் பையனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பார்வை நன்று, கணக்கு நன்று, வாசிப்பு மட்டும் வராது. பெர்சி என்ற தன் பெயரையே எழுத்து மாற்றி 'பிரெசி' என்று எழுதினான். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளிக்கூடத்திலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மோர்கன் பதிவு செய்திருக்கிறார். அந்த ஆசிரியருக்கு இருந்த கண் இன்றைக்கும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

எழுத்துகள் தலைகீழாகத் தெரியும், ஆடும் என்பதெல்லாம் பரவலான நம்பிக்கை. ஆங்கிலத்தில் பி (b), டி (d) இரண்டையும் திருப்பி எழுதுவது ஆறேழு வயதுவரை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடியது. நிறக் கண்ணாடி, நிறத் தாள் போன்றவை டிஸ்லெக்சியாவைச் சரிசெய்யும் என்பதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களும் கண் வைத்தியர்களும் 2009இல் சேர்ந்தே அறிக்கை விட்டார்கள். அதற்காகக் கண்ணைக் காட்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்ணையும் காதையும் முதலில் சோதித்துவிடுவதுதான் முறை. அம்மம்மா சொன்னது பாதி சரி.

தமிழ் எழுத்து எங்கே காலை வாரும்

தமிழ் எழுதியபடியே வாசிக்கும் மொழி, அதனால் டிஸ்லெக்சியா தமிழில் வராது என்று ஒரு பேச்சு உண்டு. ஆங்கிலத்தோடு பார்த்தால் நம் எழுத்து ஒழுங்கானதுதான். பட் (but), புட் (put) என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் நடுவில் நிற்பது ஒரே உயிரெழுத்து, ஒலி மட்டும் வேறு. தமிழில் அந்த அநியாயம் குறைவு. ஆனால் ஒழுங்கான எழுத்து முறையில் டிஸ்லெக்சியா மறைந்துவிடுவதில்லை, வேறு முகம் காட்டுகிறது. பிழை குறையும், வேகம் வராது. ஆமை மாதிரி ஊர்ந்து ஊர்ந்து, கடைசியில் சரியாகத்தான் வாசிப்பார்கள்.

அதோடு நமக்கென்று சில பொறிகள் இருக்கின்றன. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247 வடிவங்கள். "கொழும்பு" என்ற சொல்லின் முதல் எழுத்தையே எடுங்கள். கண்ணில் முதலில் படுவது கொம்பு, பிறகு க, பிறகு கால். வாயில் வருவதோ முதலில் க், பிறகு ஒ. கண் போகிற வரிசையும் வாய் போகிற வரிசையும் ஒன்றல்ல. என் மருமகன் அதைப் பல மாதம் "கெ... கா... ழு" என்றே வாசித்தான். கொம்பையும் காலையும் தனித்தனியே மதித்த பிள்ளை! கடல், தங்கம், பகல் மூன்றிலும் ஒரே க, ஒலி மூன்று. எழுதும்போது இன்னும் மோசம். ழகரத்தை ளகரமாகவே பேசும் வீட்டுப் பிள்ளை "மளை" என்று எழுதினால், அவன் காதில் விழுந்ததை நேர்மையாக எழுதியிருக்கிறான். வீட்டில் "வந்திட்டன்", புத்தகத்தில் "வந்துவிட்டேன்". வாயால் ஒருநாளும் சொல்லாத சொல்லை வாசிக்க வேண்டியிருக்கிறது.

இதன்மேல் கொழும்பில் சிங்களமும் ஆங்கிலமும். இரண்டாவது, மூன்றாவது மொழி டிஸ்லெக்சியாவை உண்டாக்காது. ஒவ்வொரு மொழியிலும் வேறு அளவில் தெரியும், அவ்வளவே. "தமிழை விட்டுட்டு இங்கிலிஷ் மீடியத்தில போடுங்கோ, சுகமா இருக்கும்" என்று எங்களுக்கும் சொன்னார்கள். நன்றாகக் கேட்டு விளங்குகிற மொழியைப் பறித்து, மூன்றில் ஒழுங்கு குறைந்த எழுத்து முறைக்குள் பிள்ளையைத் தள்ளும் யோசனை அது. நான் ஒத்துக்கொள்ளவில்லை.

'விஷுவல் லேனர்' கதை

ரியூஷன் சேர் சொன்னதைத்தான் இன்று பலரும் நம்புகிறார்கள். சிலர் பார்த்துப் படிப்பவர், சிலர் கேட்டுப் படிப்பவர், சிலர் செய்து படிப்பவர், அந்தந்த வகைக்கேற்பக் கற்பித்தால் ஏறும் என்று. 2008இல் ஹெரால்ட் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் துருவிப் பார்த்து, இந்த நம்பிக்கையைத் தாங்கப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். விருப்பம் ஆளுக்காள் வேறுபடும், அது உண்மை. விரும்பிய வழியில் படித்தால் அதிகம் நிற்கும் என்பதுதான் நிரூபணமாகவில்லை. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு இந்த முத்திரை இன்னும் ஆபத்து. "இவன் பார்த்துப் படிப்பவன்" என்று சொல்லிவிட்டால் எழுத்துக்கூட்டலைச் சொல்லிக் கொடுப்பதையே விட்டுவிடுவார்கள்.

அப்படியானால் மணலில் எழுதுவது, தட்டிச் சொல்வது எல்லாம் வீணா? கிடையாது. 1930களில் அமெரிக்காவில் சாமுவேல் ஓர்ட்டன் என்ற நரம்பியல் வைத்தியரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் உருவாக்கிய முறை இந்தப் பாணியில்தான் போகிறது: ஓர் எழுத்தைப் பார், அதன் ஒலியைச் சொல், விரலால் எழுது, மூன்றும் ஒரே நேரத்தில். நமக்கு இது புதிதே அல்ல. விஜயதசமி அன்று ஏடு தொடக்கும்போது தாம்பாளத்து அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து "அ" என்று சொல்ல வைத்து எழுதுவிக்கிறோமே, அதேதான். ஒரு நாளோடு நிறுத்திவிடுகிறோம் என்பதுதான் வித்தியாசம். பயன் தருவது அரிசியோ மணலோ என்று நினைத்துவிடக் கூடாது. ஒலியையும் எழுத்தையும் ஒழுங்கான வரிசையில், மறைக்காமல், சலிக்காமல் இணைப்பதுதான் முக்கியம். தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

இந்தப் பகுதியில் பிடித்துக்கொள்ள வேண்டியது: எழுத்துக்கூட்டலை நேரடியாகச் சொல்லிக் கொடுப்பதற்கு மாற்று கிடையாது. அது மெதுவாக முன்னேறும் காலத்தில் சுற்றாடல், சமயம், கணக்கு எல்லாம் காத்திருக்க முடியாது. காலி வீதியில் நெரிசல் என்றால் மரைன் டிரைவ் வழியாகப் போவதுபோல, பாட விஷயத்தைக் காது வழியாகவும் கொண்டுபோக வேண்டும். வீதி வேலையையும் நிறுத்தக் கூடாது.

ஒரு கொப்பியும் மூன்று பக்கமும்

பிள்ளை தன் படிப்பைத் தானே கவனித்து, எது உதவுகிறது, எது உதவவில்லை என்று அறிந்து வழியை மாற்றிக்கொள்வதை உளவியலில் ஜோன் ஃப்ளேவல் 1970களில் தனியாகப் பெயர் சூட்டிப் பேசத் தொடங்கினார். தமிழில் தன்னறிதல் என்று வைத்துக்கொள்வோம். இதை அறிவுரையால் ஊட்ட முடியாது. செய்து பார்க்க வைத்தால் வரும்.

நாங்கள் செய்தது இது. சுற்றாடல் புத்தகத்தில் ஏறக்குறைய ஒரே நீளமுள்ள மூன்று பக்கங்களை எடுத்தோம். முதல் பக்கத்தை அவனே இரண்டு தடவை வாசித்தான், பிடித்த மஞ்சள் பேனாவால் கோடும் போட்டான். இரண்டாவது பக்கத்தை நான் வாட்ஸ்அப்பில் வாசித்து அனுப்பினேன், அவன் கேட்டுக்கொண்டே வரியில் விரலை ஓட்டினான். மூன்றாவதும் அப்படித்தான், ஆனால் கேட்டு முடிந்ததும் புத்தகத்தை மூடி எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். (போனே வாசித்துக் காட்டும் வசதி தமிழுக்கும் இருக்கிறது. ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பிடிஎஃப் என்றால் அது உளறும். வீட்டு ஆளின் குரல்தான் சுகம்.) ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் "என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேட்டேன்.

முதல் பக்கத்தில் இரண்டு விஷயம் சொன்னான். இரண்டாவதில் நான்கு. மூன்றாவதில் ஏழோ எட்டோ, அதில் ஒன்று புத்தகத்தில் இல்லாதது. ஒரு பிள்ளை, மூன்று பக்கம். இது ஆராய்ச்சியாகாது, எனக்குத் தெரியும். ஆனால் நினைவிலிருந்து இழுத்தெடுப்பதே நினைவைப் பலப்படுத்தும் என்பது முறையான ஆய்வுகளிலும் வந்திருக்கிறது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவரிடம் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மூடிவைத்து நினைவுகூர்ந்தவர்கள் முந்திவிட்டார்கள். இதற்கு மீட்டெடுத்தல் என்று பெயர். டிஸ்லெக்சியா உள்ளவருக்கு மட்டுமான மருந்து அல்ல, எல்லோருக்கும் பொது.

முடிவை நான் சொல்லவில்லை. "நீயே எழுது" என்று ஒரு சின்னக் கொப்பியைக் கொடுத்தேன். அவன் எழுதியது: "மூடி சொண்ணா நிக்கிது. மஞல் பேனா சும்மா." மஞ்சள் பேனா அவனுக்கு உயிர். அது சும்மா என்று அவனே எழுதியதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. எழுத்துப் பிழையைத் திருத்தவில்லை. அந்தக் கொப்பி அதற்கல்ல.

பிறகு கேள்வியையும் மாற்றினோம். "ஏன் வாசிக்கேல்லை?" என்று கேட்டால் பிள்ளைக்குத் தலை குனிவதைத் தவிர வேறு பதில் இல்லை. "எந்த இடத்தில சிக்கினது?" என்று கேட்டால் விரலால் காட்டுவான். ஒருநாள், "மாமா, எழுத்துத் தெரியும். ஆனா அடுத்ததுக்குப் போக முந்தினது மறந்து போகுது" என்றான். செயல்நினைவு பற்றி நான் மேலே ஒரு பந்தி முழுக்க எழுதியது அவன் வாயில் இப்படி வந்தது. அதற்குப் பரிகாரமாக நீளமான சொல்லைத் தாளால் மறைத்து, துண்டு துண்டாகத் திறந்து வாசிப்பதைப் பழகினோம். "பாணந்துறை" அப்படித்தான் வசப்பட்டது: பாணந், துறை. கொப்பியில் அதுவும் ஏறியது. "தாள் நல்லம். வகுப்பில வெட்கம்."

பிழை விட்ட சொல்லை ஐம்பது தடவை எழுத வைப்பது பற்றி ஒன்று. பத்தாவது தடவைக்குப் பிறகு பிள்ளை சொல்லை எழுதுவதில்லை. முதல் எழுத்தை ஐம்பது வரியிலும் கீழ்நோக்கி எழுதிவிட்டு, அடுத்த எழுத்துக்கு மேலே வருவான். நானும் அப்படித்தான் செய்தேன், நீங்களும் செய்திருப்பீர்கள்.

பாடசாலையில் என்ன கேட்கலாம்

முதலில் குழந்தை வைத்தியர். தேவையென்றால் அவர் சிறுவர் உளநல வைத்தியரிடமோ கல்வி உளவியலாளரிடமோ பேச்சுப் பயிற்சியாளரிடமோ அனுப்புவார். பரிசோதனையைப் பிள்ளைக்கு நன்றாக வருகிற மொழியில் செய்யக் கேளுங்கள். தமிழ் மூலம் படிக்கும் பிள்ளையை ஆங்கிலச் சோதனைத்தாளை மட்டும் வைத்து முடிவுகட்ட விடாதீர்கள். பெரிய பரீட்சைகளில் விசேட தேவையுள்ளவர்களுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகளைப் பாடசாலை ஊடாகப் பரீட்சைத் திணைக்களத்திடம் கோரலாம். வைத்திய அறிக்கை வேண்டும், முன்கூட்டியே தொடங்க வேண்டும். சாதாரண தரத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஓடித் திரிவதில் பயனில்லை.

வகுப்பு மிஸ்ஸிடம் கேட்பதற்கு இவ்வளவு கடதாசி தேவையில்லை. முன்னறிவிப்பில்லாமல் எழுப்பிச் சத்தமாக வாசிக்க வைக்காதீர்கள், சில பதில்களை வாயால் சொல்ல விடுங்கள், கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிக்கக் கொஞ்ச நேரம் கூடக் கொடுங்கள். பெற்றோர் கேட்டால் சில இடத்தில் நடக்கும், சில இடத்தில் "இவனுக்கு மட்டும் எப்பிடி?" என்பார்கள். எங்களுக்கு இரண்டும் நடந்தது.

தரம் 5க்குப் போன முதல் கிழமை, அக்காவிடமோ என்னிடமோ சொல்லாமல் அவனே புது மிஸ்ஸின் மேசைக்குப் போயிருக்கிறான். "மிஸ், நாளைக்கு என்னை வாசிக்கச் சொல்லுறதெண்டா எந்தப் பந்தி எண்டு இண்டைக்கே சொல்லுவீங்களா? நான் வீட்டில கேட்டுப்போட்டு வாறன்." மிஸ் புத்தகத்தை எடுத்து, ஒரு பந்தியின் ஓரத்தில் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்துக் கொடுத்தாராம். அன்று பின்னேரம் அந்தப் பந்தியை நான் மூன்று தடவை போனில் வாசித்து அனுப்ப வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை, "மாமா, கொஞ்சம் மெதுவா" என்று பதில் வந்தது.